கவர்மெண்டு கட்டம்

புள்ளியியல் படிக்கிற பெண்ணுக்கு அரசு அலுவலகத்தில் பயிற்சி கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றார்கள். எனக்குக் கிடைத்தது. எங்கள் பாடத்திட்டத்தில் கடைசி வருடம் வாரத்துக்குச் சில நாள் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் போய் வேலை பார்க்க வேண்டும். முடிவில் அந்த அலுவலகத்து அதிகாரி கையெழுத்துப் போட்டு சர்டிபிகேட் தந்தால்தான் டிகிரி. என் தோழிகள் கூட்டுறவு வங்கி, ஆஸ்பத்திரி என்று போய் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு வந்து வாய்த்தது பயிர் விளைச்சலை அளக்கிற அலுவலகம். எந்த ஊர் அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. பெரம்பலூர் ஹாஸ்டலிலிருந்து பஸ்ஸில் போய் இறங்குகிற தூரம் என்பது போதும்.

அங்கே எனக்கு மேலே இருந்த அதிகாரியை அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. வயது ஏற ஏற மன்னிக்கிற மனசு வரும் என்கிறார்கள். வரட்டும், பார்க்கலாம். அவர் ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ டிரெய்னிங்கு, அந்த ஜன்னலச் சாத்து." "டிரெய்னிங்கு, இந்த போன்ல என்னவோ கேக்குது, என்னன்னு பாரு." அவர் செய்ய வேண்டிய வேலையெல்லாம் அந்த போனில் இருந்த ஓர் ஆப்பில் இருந்தது. அந்த ஆப் அவருக்கு வராது. ஆகவே அவருடைய போன் பெரும்பாலும் என் கையில்தான் இருக்கும். திட்டு மட்டும் தவறாமல் அவர் வாயில் இருக்கும்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். குன்னம் பக்கமெல்லாம் மானாவாரி பூமி, கொல்லை என்போம். மழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, வெங்காயம் போடுகிற ஊர்கள். மழை பொய்த்துப் பயிர் காய்ந்தால் காப்பீடு வரும். ஆனால் யார் யார் கொல்லை காய்ந்தது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க மாட்டார்கள். ஊருக்கு நாலு கொல்லையைக் குலுக்கல் மாதிரி எடுப்பார்கள். அந்தக் கொல்லைக்குள் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஒரு சதுரம் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து எடை போடுவார்கள். நாலு சதுரத்தின் சராசரிதான் மொத்த ஊரின் விளைச்சல். சராசரி குறைந்தால் ஊருக்கே காப்பீடு. கூடினால் ஒருத்தருக்கும் கிடையாது. "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், அவ்வளவுதாம்மா சாம்பிளிங்" என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்லுவார். அவர் சோளக்கொல்லைப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் அதிகாரி பட்டுக்கரை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக வந்தார். "கெளம்பு, கட்டம் குறிச்சிட்டு வந்துரலாம்" என்றார். குன்னத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் அவருடைய சகலை வீட்டு கிரகப்பிரவேசம். போகிற வழியில் அந்த ஊரில் குலுக்கலில் வந்த மக்காச்சோளக் கொல்லையிலும் கயிற்றைக் கட்டிவிட்டால் ஒரே டீசலில் இரண்டு காரியம் முடிந்துவிடும். சோளம் அப்போதுதான் பால் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அறுவடைக்கு இன்னும் வெகுநாள் இருந்தது.

"சார், குறிக்கிற அன்னைக்கே அறுக்கணும்னு புக்குல போட்டிருக்கு," என்றேன்.

"போட்டிருக்கும். ஜீப்புக்கு டீசல் யாரு போடுறதுன்னு போட்டிருக்கான்னு பாரு."

கொல்லைக்காரி என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். புருஷன் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு லாரி ஓட்டுகிறவர், எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். கொல்லையையும் கொல்லையோரக் கொட்டகையில் நின்ற ஒரு பசுவையும் இவள்தான் பார்த்துக்கொண்டாள். அதிகாரி வேட்டியில் சேறு படாமல் வரப்பிலேயே நின்றுகொண்டார். ஆப் சொன்ன எண்ணுக்கு அடி எண்ணிக்கொண்டு சோளத்துக்குள் புகுந்து, கொல்லையின் நடுவில் நாலு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியது நான். இலை அறுத்துக் கையெல்லாம் எரிந்தது.

வெளியே வந்தபோது அவர் அந்த அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தா பாரும்மா, இது கவர்மெண்டு கட்டம். கயித்துக்குள்ள எவனும் கை வைக்கக் கூடாது. அறுப்புக்கு நாங்க வருவோம். பத்திரமாப் பாத்துக்க."

"எதுக்குங்க சார் இது?"

"அளக்கறதுக்கு."

நான் அவளிடம் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். ஜீப்பில் ஏறியிருந்தவர் ஹாரனை அழுத்தினார், அழுத்திய கையை எடுக்கவே இல்லை. பந்தி முடிந்துவிடும் என்ற பயம் அவருக்கு.

அந்த வருடம் கார்த்திகைக்குப் பிறகு வானம் கண் திறக்கவில்லை. புயல் வருகிறது, வருகிறது என்று டிவியில் சொல்லிச் சொல்லிக் கடைசியில் ஆந்திராவுக்குத் திருப்பிவிட்டார்கள். பால் பிடித்த நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் மக்காச்சோளம் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தர யாரும் வேண்டாம். விக்கிரமங்கலத்தில் எங்கள் வீட்டிலும் கொல்லை உண்டு. கருது விரல் பருமனில் நின்றுவிடும், உரித்தால் பல் விழுந்த வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி இருக்கும். பொங்கலுக்கு முன்னால் குன்னம் பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் வெளிறிப்போன சோளத்தட்டைதான். அந்த ஊருக்கு மிச்சமிருந்தது காப்பீடு ஒன்றுதான்.

தை பிறந்து, மாட்டுப் பொங்கல் முடிந்து, அறுப்புக்குப் போனோம். அந்த ஊரின் மற்ற மூன்று கட்டங்களையும் அதற்கு முன்பே அறுத்தாகிவிட்டது. மூன்றும் மோசம். நாலாவது இந்த அக்காவின் கொல்லை. ஊரில் விஷயம் தெரிந்து ஆட்கள் வரப்பில் கூடிவிட்டார்கள். பக்கத்துக் கொல்லைக்காரரும் நின்றார், அவர் அந்த அக்காவுக்குக் கொழுந்தன் முறை. அக்கா பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று சோளத்துக்குள் நடந்தாள். அவளுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை.

உள்ளே போனதும் புரிந்தது. ஆள் உயரத் தட்டைகள் நாலு பக்கமும் காய்ந்து சருகாக நின்றன. நடுவில் என் கயிற்றுக்குள் மட்டும் பச்சை. ஒவ்வொரு தட்டையிலும் கை கொள்ளாத கருது. மண் ஈரமாக இருந்தது. வெளியே இருந்து பார்த்தால் தெரிந்திருக்காது. அவள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்ததைப் பார்த்தவர்கள் மாட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

"ஒரு தட்ட சாய விடலங்க சார்," என்றாள் அதிகாரியிடம். "கெணத்துல அடியில கெடந்த தண்ணியச் சேந்திச் சேந்தி ஊத்துனேன். நம்மகிட்ட ஒப்படச்சதக் காய விடலாமா? கவர்மெண்டுலேந்து வந்து பாத்துட்டு, இந்த ஊருக்காரிக்கு வெள்ளாமையே தெரியாதுன்னுல்ல சொல்லுவாங்க."

எங்கள் பக்கத்தில் அடுத்தவர் மாட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வளர்க்க வாங்கினால், தன் மாட்டுக்குத் தவிடு குறைந்தாலும் குறையும், அந்த மாட்டுக்குக் குறையாது. ஒப்படைத்ததை இளைக்க விட்டால் கேவலம். அவள் அந்த நியாயத்தைத்தான் செய்திருந்தாள். தன் கொல்லை கருகுவதைப் பார்த்துக்கொண்டு, கவர்மெண்டு கொல்லைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

கொழுந்தனுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. "என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினார். அண்ணி என்ற வார்த்தை காணாமல் போயிருந்தது. "ஊரு வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"ஏன், நல்லா வெளஞ்சா தப்பா?"

ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவராவது அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "அக்கா, இந்தக் கட்டத்துல வர்றதையும் சேத்துத்தான் ஊருக்கே சராசரி போடுவாங்க. இது இவ்வளவு வெளஞ்சா சராசரி ஏறி, ஊரே நல்லா வெளஞ்சிருக்குன்னு ஆயிடும். அப்பறம் யாருக்கும் இன்சூரன்ஸ் வராது. ஒங்களுக்கும்தான்."

அவள் முகத்திலிருந்த சந்தோஷம் போன வேகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினாள். "முளைக்குச்சி அடிச்சியே, அன்னைக்கு இந்த வாய் எங்க போயிருந்துச்சு?"

ஹாரன் அடித்தவர் எனக்குப் பக்கத்திலேயே நின்றார். அவரை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜீப்பில் வந்தவரைக் கேட்க நம் ஊரில் யாருக்கு வாய் வந்திருக்கிறது. சேலை கட்டியவளையும் டிரெய்னிங்கு வந்தவளையும் கேட்பார்கள்.

"சரி சரி, அறுங்க," என்றார் அவர். அரிவாளோடு வந்த ஆள் அசையவில்லை.

"சார், கட்டத்த வேற எடத்துக்கு மாத்தலாம். ஆப்புலயே வழி இருக்கு."

"காரணம் கேக்கும்."

"ரெண்டு மாசம் முன்னாடியே குறிச்சிட்டோம்னு சொல்லுவோம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லு. சொல்லிட்டு ஒன் சர்டிபிகேட்ட ஒங்க காலேஜுலயே போயி வாங்கிக்க."

அவ்வளவுதான், எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அவருடைய போன் என் கையில்தான் இருந்தது. கட்டத்தை மாற்றும் பக்கத்தைத் திறந்து, அதில் இருந்த காரணங்களை ஊருக்கே கேட்கும்படி உரக்க வாசித்தேன். "வெள்ளம். தீ. காட்டுப்பன்றி. கால்நடை மேய்ச்சல். இவ்வளவுதாங்க இருக்கு. ஆபீசர் விசேஷ வீட்டுக்குப் போற வழியில கயிறு கட்டிட்டுப் போயிட்டாருன்னு போட எடமே இல்ல." பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. எனக்கு மனசு குளிர்ந்தது. அவரைக் குத்த வேண்டும் என்றுதான் வாசித்தேன், வேறு எந்த எண்ணமும் இல்லை. அதை அந்த அக்கா கேட்டுக்கொண்டு நின்றதை நான் கவனிக்கவில்லை.

அவள் சோளத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் தட்டைகள் முறிகிற சத்தம் கேட்டது. பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த நீலமும் மஞ்சளும் இன்னும் மங்கவில்லை.

எங்கள் ஊர்களில் வெட்டுக்குத்து வரைக்கும் போன சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால் பாதி, விளைந்த பயிரில் மாடு வாய் வைத்ததில் ஆரம்பித்திருக்கும். தன் பயிரானாலும் நிற்கிற பயிரில் மாட்டை விட யாருக்கும் மனசு வராது. அவள் ஒரு முளைக்குச்சியிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டாள். "போ," என்றாள்.

பசு போகவில்லை. கயிறு கிடந்த இடத்துக்கு வந்து, மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டது. அவளைத் திரும்பிப் பார்த்தது. வரப்பில் நடந்தால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாத மாடு என்று அதற்கு ஊரில் பேர். கன்றாக இருக்கும்போதே வாய்க்கூடை போட்டு, பயிரைப் பார்த்து நாக்கை நீட்டும்போதெல்லாம் அடி வைத்து அவள்தான் அப்படிப் பழக்கியிருந்தாள்.

அவள் அதன் முதுகில் கையால் தட்டினாள். நகரவில்லை. ஒரு தட்டையை ஒடித்து அடித்தாள். அது பின்னங்காலை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. இன்னும் ஓங்கி அடித்தாள். கடைசியில் கட்டத்துக்குள் போய் ஒரு கருதை ஒடித்து, தோலை உரித்து, மஞ்சள் மணி தெரிய அதன் வாயில் கொண்டுபோய் வைத்தாள். அது தின்றது. இன்னொன்றைக் காட்டிக் காட்டிப் பின்னால் நடந்து அதை உள்ளே இழுத்தாள். அதற்கப்புறம் யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

"போதும் அண்ணி," என்றார் கொழுந்தன். இப்போது அண்ணி வந்துவிட்டது.

"இரு. பாதி நின்னா அதையும் நிறுப்பாங்க."

கட்டம் மிதிபட்டுக் கிழிந்து தரையோடு போனதும் அவள் என்னைப் பார்த்தாள். "எடுத்துக்க, போட்டா."

எடுத்தேன். காரணத்துக்கு ஆதாரமாக ஆப் போட்டோ கேட்கும். அதிகாரி தடுப்பார் என்று பயந்தேன். அவர் எங்கே தடுக்கப் போகிறார். கிரகப்பிரவேசமும் முளைக்குச்சியும் மாட்டின் வயிற்றுக்குள் போய்விட்டன, அவருக்கு அதைவிட வசதி ஏது. "கால்நடை மேய்ச்சல்னு போடு," என்றார், ரொம்ப நேரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி. மாற்று இடம் கொழுந்தனின் கொல்லையில் விழுந்தது. அன்றைக்கே குறித்து, அன்றைக்கே அறுத்து, எடை போட்டோம். தராசில் வைத்ததே தெரியவில்லை.

எனக்கு சர்டிபிகேட் வந்தது. நடத்தை என்ற இடத்தில் 'திருப்தி' என்று எழுதியிருந்தார். அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காகிதம் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊருக்குக் காப்பீடு வந்துவிட்டதென்று கொழுந்தன் போன் பண்ணிச் சொன்னபோது நான் டிகிரி முடித்திருந்தேன். மனசுக்குள் ஒரு பெருமை. பெரம்பலூரில் இனிப்புப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த ஊர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்படும் என்று நினைத்தேன். பட்டது. டீக்கடையில் உட்காரவைத்து உபசரித்தார்கள். அந்த அக்காவைப் பற்றிக் கேட்டபோது மட்டும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "கொல்லையிலதான் கெடக்கும்," என்றார் ஒருவர்.

அவள் கொட்டகையில் இருந்தாள். என்னைப் பார்த்து வா என்று சொல்லவில்லை. பொட்டலத்தை வாங்கிக் கூரையில் செருகினாள். பசு பக்கத்தில் கட்டிக் கிடந்தது. அதன் கழுத்தில் ஒரு பெரிய கட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நடந்தால் முன்னங்காலில் இடிக்கிற மாதிரி தொங்கியது. ஓடிப்போய் மேய்கிற மாட்டுக்குத்தான் அதைக் கட்டுவார்கள்.

"இதுக்கு எதுக்குக்கா கட்டை?"

"அன்னைலேந்து இப்படித்தான். கயித்த அத்துக்கிட்டுப் போயிடுது. ஊருல ஒரு கொல்ல பாக்கி இல்ல. காப்பீடு வாங்குன கையோட வந்து சண்டை போட்டுட்டுப் போறானுவ. எங்க கொழுந்தன் நேத்து வந்து பேசாத பேச்சில்ல." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "வித்துட வேண்டியதுதான். ஆனா இந்த ஊருல யாரும் வாங்க மாட்டாங்க. சந்தைக்குத்தான் ஓட்டணும்."

சந்தைக்குப் போகிற இப்படிப்பட்ட மாடு எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். அதற்குள் பசு கட்டையையும் இழுத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் முளைத்திருந்த அடுத்தவர் பருத்திக்குக் கழுத்தை நீட்டியது. அவள் சட்டென்று குச்சியை எடுத்து ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. குச்சியைக் கீழே போட்டாள்.

"உள்ள போன்னு அடிச்சதும் நான்தான," என்றாள்.